பிணத்தருகே நின்றது குற்றமா?

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடையே ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. கல்லிடுக்கில் புழு தெரிந்தால் அது எதிரி. முதலில் எடுத்துப் போடு, விசாரணை பிறகு. மீன் கடையில் போய்ச் சொன்னால் நீளமான இடுக்கி ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். கொஞ்சம் பெரிய கடை என்றால் புழுப்பொறி, புழு தின்னும் நண்டு, புழு தின்னும் மீன் என்று பில் நீளும். பல வருடமாக ரீஃப் டேங்க் வைத்திருக்கும் அனுபவசாலிகள்கூட "எதுக்கு சார் ரிஸ்க்?" என்று மூன்றே சொல்லில் பேச்சை முடித்துவிடுவார்கள்.

எனக்கு வழக்கு அந்த மூன்று சொல்லோடுதான். ரிஸ்க் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கைகாட்டும் இடத்தில் அது இல்லை என்கிறேன்.

முதல் குற்றவாளியாக நிறுத்தப்படுவது பிரிஸ்டில் வார்ம். வசதிக்காக முள்புழு என்று வைத்துக்கொள்வோம். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச்சோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தால் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கல்லின் ஓட்டையிலிருந்து முன்பாதி மட்டும் வெளியே வரும். பின்பாதி ஓட்டையை விடாது. இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த உடம்பு, கணுக்கணுவாக. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் வெள்ளை முள் ஒரு கட்டு. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, மணலில் விழுந்து கிடக்கும் மீன் தீனித் துணுக்கு ஒன்றைக் கண்டுபிடித்து, அதோடு ரப்பர் பட்டை சுருங்குவதுபோல் உள்ளே போய்விடும். அவ்வளவுதான் அதன் இரவு வாழ்க்கை. எடுத்த துணுக்கு அங்கேயே கிடந்திருந்தால் மறுநாள் அழுகியிருக்கும், அடுத்த வாரம் நைட்ரேட்டாகக் கணக்கில் ஏறியிருக்கும்.

இதன் மேல் சுமத்தப்படும் கொலைக் குற்றத்துக்கு என்ன சாட்சி? காலையில் மீன் செத்துக் கிடந்தது, அதன் மேல் பத்துப் புழு இருந்தது. கிளாம் சிப்பி வாய் பிளந்து கிடந்தது, உள்ளே புழு நெளிந்தது. சாட்சி இவ்வளவுதான். பிணத்தருகே நின்றவனைப் பிடித்துத் தூக்கில் போடும் கதை இது. மீன் எப்போது செத்தது, எதனால் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. முந்தின வாரம் புதிதாக விட்ட டேங் மீன் அதை விரட்டி விரட்டிக் கொத்தியதை மறந்துவிடுகிறார்கள். இரவில் ஆக்சிஜன் இறங்கியதையும், வெள்ளைப்புள்ளி நோய் செவுளில் ஏறியிருந்ததையும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தது கடைசிக் காட்சி மட்டும்.

உடற்கூறு வேறு சாட்சி சொல்கிறது. நம் தொட்டிகளில் சாதாரணமாகக் காணப்படும் முள்புழுக்கள் ஆம்ஃபினோமிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. யூரிதோயீ என்ற பேரினம் அவற்றில் பிரபலம். இந்தக் குடும்பத்துக்குத் தாடையே கிடையாது. தொண்டைத் தசையை வாய்க்கு வெளியே பிதுக்கி, மெத்தென்று கிடப்பதைச் சுரண்டி விழுங்கத்தான் அவற்றுக்குத் தெரியும். துள்ளி ஓடும் ஆரோக்கியமான மீனைத் தாடையில்லாத புழு கடித்துக் கொன்றது என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாகப்போகும் சிப்பியின் வாசனை பிடித்து முன்கூட்டியே வந்துவிடும் என்பது உண்மை. சாவு வீட்டுக்கு முதலில் வருவதால் மட்டும் யாரும் கொலைகாரர் ஆகிவிடுவதில்லை. இருநூறு லிட்டர் தொட்டியில், கை போகாத இடுக்கில் ஒரு மீன் செத்து, அதைத் தின்ன ஆளில்லாமல் அழுகினால் ஏறும் அமோனியா மற்ற மீன்களையும் சேர்த்துக்கொண்டு போகும். அந்த விபத்து நடக்காமல் காத்த புழுவைத்தான் மறுநாள் இடுக்கியால் தேடுகிறோம்.

"சரி, ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. எங்க தொட்டியில் நூற்றுக்கணக்கில் பெருகிடுச்சே?" பெருகத்தான் செய்யும், நீங்கள் போடுகிறீர்களே! தொட்டிக்குள் போகும் தீனி எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் புழு. ஒரு நாளைக்கு மூன்று வேளை உறைந்த இறால் கட்டியைத் தண்ணீரோடு கொட்டினால், மீன் தின்றது போக மிச்சத்தைத் தின்ன யாராவது பிறந்துதானே ஆக வேண்டும்? தீனியைப் பாதியாகக் குறைத்துவிட்டுச் சில மாதம் பொறுத்தால் கூட்டம் தானாக இளைத்துக் குறையும். புழுவை மட்டும் எடுத்துவிட்டுத் தீனியை விட்டுவைத்தால், அதே மிச்சம் பாசியாகவும் கசடாகவும் வேறு வேடத்தில் வரும். புழுக்கூட்டம் உங்கள் கைப்பழக்கத்தின் தெர்மாமீட்டர். தெர்மாமீட்டரை உடைத்துக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது.

இடுக்கி வைத்தியத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. யூரிதோயீ உடைந்தால் சாவதில்லை. துண்டுபட்டுப் பெருகுவது அதன் இனப்பெருக்க முறைகளில் ஒன்று. நடுத்துண்டுகூட ஒரு பக்கம் தலையும் மறுபக்கம் வாலும் முளைத்து முழுப்புழுவாகும். ஓட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் புழுவை இடுக்கியால் இழுத்தால் பாதி கையோடு வரும், பாதி கல்லுக்குள் நிற்கும். ஒன்றை ஒழித்த திருப்தியோடு தூங்கப் போகிறோம்.

கடைக்காரர் விற்கும் கூலிப்படையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு வரி ராஸ் மீனை "புழுவுக்கு இதுதான் மருந்து" என்று விற்கிறார்கள். அது பகல் மீன். இருட்டியதும் இடுக்கில் ஒடுங்கித் தூங்கிவிடும். முள்புழு வெளியே வருவதே அதற்குப் பிறகுதான். இருவரும் சந்திப்பதே அபூர்வம். இடைப்பட்ட நேரத்தில் அந்த மீன் தொட்டியில் உள்ள கோபிபாட் என்ற நுண்ணுயிர்களைத் தின்று தீர்க்கும். வளர்ந்த பிறகு, புதிதாக விடும் சாதுவான மீன்களை மூலையில் ஒதுக்கும். ஏரோ நண்டு புழு தின்னும், உண்மை. இறகு விரித்து நிற்கும் குழாய்ப்புழுவையும், தூங்கும் குட்டி மீனையும் சேர்த்தே தின்னும். ஒரு புழுவைப் பிடிக்கப் போய் நிரந்தரமாக ஒரு ரவுடியைக் குடிவைத்துக்கொள்கிறோம்.

முள் குத்துமா? குத்தும். சுண்ணாம்புச் சத்தாலான, கண்ணுக்கு எளிதில் தெரியாத முள். தோலில் ஏறினால் ஒடிந்து உள்ளேயே நின்று, கண்ணாடித் தூள் பட்டதுபோல் எரியும். யூரிதோயீயிலிருந்து வீக்கம் உண்டாக்கும் காம்ப்ளனைன் என்ற பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2008இல் வெளியிட்டார்கள். ஒட்டும் டேப்பை ஒட்டி இழுத்து முள்ளை எடுக்க வேண்டும். அடுத்த முறை கல்லைத் தொடும்போது கையுறை போட வேண்டும். கம்பளிப்பூச்சி இருக்கிறது என்று முருங்கை மரத்தை யாரும் வெட்டிவிடுவதில்லை.

இந்தப் புழுவின் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பகுதி கடன் வாங்கியது. ஹெர்மோடைஸ் கருன்குலாட்டா என்ற தாடிக்கார ஃபயர் வார்ம் ஒன்று அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் இருக்கிறது. அது உண்மையிலேயே பவளம் தின்னும். கரீபியன் கடலின் மான்கொம்புப் பவளத்தின் நுனியை உறிஞ்சி வெள்ளையாக்கிவிட்டுப் போகும். மத்தியதரைக் கடலில் ஒரு பவளத்தை வெளுக்கச் செய்யும் பாக்டீரியாவை அது சுமந்து பரப்புவதாக இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2003இல் எழுதினார்கள். அந்தக் குற்றப்பத்திரிகையை அப்படியே எடுத்து, இந்தோ பசிஃபிக் கல்லோடு நம் தொட்டிக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரன் மேல் ஒட்டிவிட்டார்கள். அதே குடும்பத்தில் ஃபெரிகார்டியா என்ற புழு பனாமாவின் பசிஃபிக் கரையில் என்ன செய்கிறது தெரியுமா? பவளப்பாறையையே மொட்டையடிக்கும் முள்கிரீட நட்சத்திர மீனுக்குக் காயம் பட்டதும் அந்தக் காயத்தின் வழியே உள்ளே புகுந்து தின்று முடிக்கிறது. பீட்டர் கிளின் என்ற பவள விஞ்ஞானி 1980களில் இதைப் பதிவு செய்தார். குடும்பப் பெயரை வைத்துத் தீர்ப்பு எழுதுவதென்றால் எந்த உறவினரை வைத்து எழுதுவது?

எல்லாப் புழுவும் சாது என்று நான் வாதாடவில்லை. நிஜமான வில்லன்கள் உண்டு. அவர்களை வைத்துத்தான் என் வாதம் வலுக்கிறது.

இங்கிலாந்தின் கார்ன்வாலில், நியூகி ஊர் ப்ளூ ரீஃப் அக்வேரியத்தில் 2009இல் நடந்தது இது. பவளம் பாதி பாதியாக அறுபட்டுக் கிடக்கிறது, மீனுக்குக் காயம். பொறி வைத்தார்கள், காலையில் பொறியே பிய்ந்து கிடந்தது. கடைசியில் காட்சித் தொட்டியைக் கல் கல்லாகப் பிரித்தபோது நான்கு அடி நீளப் புழு ஒன்று வெளியே வந்தது. யூனிசி வகை, நம் ஆட்கள் பாபிட் வார்ம் என்று பயந்து சொல்வது. குட்டியாகக் கல்லுக்குள் ஒளிந்து வந்து உள்ளேயே வளர்ந்திருக்கிறது. அதற்கு பேரி என்று பெயர் வைத்துத் தனித் தொட்டியில் விட்டார்கள். கடையில் விற்கும் புழுப்பொறி இந்த ஆளிடம் எடுபடாது என்பதைக் கவனியுங்கள். அந்தப் பொறியில் விழுவது துணுக்குப் பொறுக்கும் அப்பாவி முள்புழுதான். கண்டதை எல்லாம் பிடித்துப் போடும் வீட்டில், பிடிபடாத ஒருவன் மட்டும் போட்டியில்லாமல் வளர்கிறான்.

யூனிசியை முள்புழுவிலிருந்து பிரித்தறிவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. தலையைப் பார்க்க வேண்டும். யூனிசிக்கு ஐந்து உணர்கொம்பு, விரல் விரித்ததுபோல் நிற்கும்; உடம்பு எண்ணெய் படிந்த தண்ணீர்போல் வானவில் அடிக்கும்; முள் கட்டுகள் பஞ்சுபோல் புசுபுசுவென்று இருக்காது. அந்த ஐந்து கொம்பைப் பார்த்ததும் தொட்டியைக் கவிழ்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கல்லுக்குள் வாழும் யூனிசிகளில் பெரும்பாலானவை விரல் நீளம்கூட வராமல் பாசியையும் கசடையும் தின்று காலம் தள்ளுபவை. நார்வேக்கு அப்பால் குளிர்ந்த ஆழ்கடலில் யூனிசி நார்வெஜிகா என்று ஒன்று, லோஃபீலியா பவளத்தோடு கூட்டுக்குடித்தனமே நடத்துகிறது. புழுவின் குழாய் மேல் பவளம் சுண்ணாம்பு பூசி வளர்வதால் பாறை கெட்டிப்படுகிறது.

அடுத்த வில்லன் இன்னும் சின்னது, இன்னும் மோசம். அக்ரோபோரா பவளம் வளர்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் தட்டைப்புழு. ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் வரும். தின்ற பவளத்தின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்வதால் நேரே பார்த்தாலும் தெரியாது. பிப்பெட்டால் தண்ணீரைப் பீய்ச்சினால் ஈரக்காகிதம்போல் உரிந்து மிதக்கும், அப்போதுதான் தெரியும். பவளத்தின் மேல் வட்ட வட்டமாக வெளுத்த கடித்தடம், அடிப்பகுதியில் சதை போன வெற்று எலும்பில் பழுப்பு நிற முட்டைக் கூட்டம். இதற்கு 2011இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். அதுவும் தொட்டிகளிலிருந்து பிடித்த புழுக்களை வைத்து. கடலில் முதன்முதலாகக் கண்டெடுத்த செய்தி, ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபிலிருந்து, அடுத்த ஆண்டுதான் வந்தது. தொட்டிக்காரர்கள் சும்மா கொன்றுபோட்டுக்கொண்டே இருந்திருந்தால் இந்தப் பெயர்கூட வந்திருக்காது. யாரோ சிலர் பிடித்து, பாட்டிலில் போட்டு, "இது என்ன?" என்று கேட்டதால் வந்தது. பெயர் தெரிந்ததால் வைத்தியமும் தெளிவானது: பவளத்தை மருந்துத் தண்ணீரில் முக்கினால் புழு விழும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே முட்டையைச் சுரண்டி எடுக்க வேண்டும், பொரிந்து வருவதைப் பிடிக்க வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். முள்புழுவுக்குச் சொல்லும் இடுக்கி வைத்தியம் இதன் நிழலைக்கூடத் தொடாது.

மூன்றாவது, கண்ணாடியிலும் மணலிலும் துருக் கறைபோல் படரும் சில மில்லிமீட்டர் செம்புழு. எல்லோரும் இதைச் சிவப்புப் பிளனேரியா, தட்டைப்புழு என்பார்கள். தட்டையாக இருக்கிறதே தவிர இது தட்டைப்புழு இனமே இல்லை. ஏசீல் என்ற தனிக்கிளை. உடம்புக்குள் பாசியை வளர்த்துக்கொண்டு வெயில் காய்ந்து சாப்பிடுகிறது. பவளத்தைத் தின்பதில்லை, மேலே கம்பளம்போல் படர்ந்து வெளிச்சத்தை மறைப்பதுதான் அதன் தொல்லை. இங்கேதான் "உடனே கொல்" கட்சி உண்மையான ஆபத்தை உண்டாக்குகிறது. மருந்தை ஊற்றி ஒரே நேரத்தில் லட்சம் புழுவைக் கொன்றால், சாகும் உடம்புகளிலிருந்து வெளிவரும் நஞ்சு மீன்களைக் கொல்லும். புழு இருந்தபோது நன்றாக நீந்திய மீன்கள், புழு செத்த அன்று மாலையில் கவிழ்ந்துவிடும். செய்ய வேண்டியது, நாள்கணக்கில் குழாய் போட்டு உறிஞ்சி எண்ணிக்கையைக் குறைத்து, மிச்சத்துக்கு மருந்து போட்டு, உடனே தண்ணீர் மாற்றிக் கரியும் போடுவது. அதற்கு இது எந்தப் புழு என்று முதலில் தெரிய வேண்டும்.

இந்தச் செம்புழுவையும் முள்புழுவையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது எவ்வளவு அபத்தம் என்பதற்கு விலங்கியலே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஏசீல்களை உயிர்மரத்தில் எங்கே வைப்பது என்று இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி சொல்வது சரியென்றால், முள்புழு ஏசீலைவிட மனிதனுக்கு நெருங்கிய சொந்தம். மறு கட்சி சரியென்றால், ஏசீல் முள்புழுவைவிட மனிதனுக்கு நெருங்கிய சொந்தம். எது ஜெயித்தாலும் இந்த இரண்டில் ஒன்று மற்றதைவிட நமக்குப் பக்கத்து உறவு. புழுபோல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இரண்டுக்கும் ஒரே தண்டனை தருகிறோம்.

ஆள் மாறாட்டம் இதோடு நிற்பதில்லை. கல்லில் ஒட்டிய சுண்ணாம்புக் குழாயிலிருந்து சிலந்தி வலைபோல் கோழையை வீசிப் பவளத்தை எரிச்சல்படுத்தும் 'குழாய்ப்புழு' உண்மையில் வெர்மெட்டிட் என்ற நத்தை. அதன் வாயைப் பசை வைத்து அடைத்தால் வேலை முடிந்தது. அதே அளவுக் குழாயிலிருந்து குட்டி விசிறி எட்டிப் பார்த்தால் அது நிஜமான குழாய்ப்புழு. தண்ணீரை வடிகட்டுவது தவிர வேறெதுவும் தெரியாது. மணல் மேல் வெள்ளை நூல் நூலாக ஊர்ந்து, தொட்டதும் சுருங்குவது ஸ்பகெட்டிப் புழுவின் கை. உடம்பு கல்லுக்கடியில் இருக்கும், நூல் மட்டும் வெளியே வந்து கசடைப் பொறுக்கிப் போகும். போரைட்டிஸ் பவளத்தில் வண்ண வண்ணமாக நிற்கும் கிறிஸ்துமஸ் மரப்புழுவைக் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதுவும் முள்புழுவின் கூட்டாளிதான். முள்கிரீட நட்சத்திர மீன் மேய்ந்துவிட்டுப் போன போரைட்டிஸில் இந்தப் புழுக்களைச் சுற்றியிருந்த சதை தப்பிப் பிழைத்திருந்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1986இல் எழுதியிருக்கிறார்கள். அழகாக இருந்தால் அலங்காரம், அசிங்கமாக இருந்தால் பூச்சி என்பதுதான் நம் அளவுகோல் என்று தெரிகிறது.

எதிர்க்கட்சியின் நல்ல வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. "எல்லோருக்கும் கொம்பு எண்ண நேரமும் கண்ணும் இருக்காது. தவறாக விட்டுவைத்தால் ஆயிரக்கணக்கில் பவளம் நஷ்டம். தவறாகக் கொன்றால் ஒரு புழு நஷ்டம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறாகக் கொல்வதில் ஒரு புழு மட்டும் போவதில்லை. போவது மணலைக் கிளறும் ஆள், இடுக்கைச் சுத்தம் செய்யும் ஆள், தன் குஞ்சுகளால் பவளத்துக்கும் மீனுக்கும் தீனி போடும் ஆள். 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல், காற்றுக்குமிழ், வெளிச்சம் இவற்றை மட்டும் வைத்துப் பவளம் வளர்த்துக் காட்டி உலகத்தை ஆச்சரியப்படுத்தினார். அவர் தொட்டியை நடத்தியது கல்லுக்குள் இருந்த கூட்டம்தான். எச்சரிக்கை வேண்டும் என்றால் அதற்கு இடம் வாசல். புதுப் பவளம் வந்தால் தனித் தொட்டியில் சில வாரம் வையுங்கள், முக்குங்கள், இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. வீட்டுக்குள் வந்து குடியேறி வேலை செய்பவர்களை வாரம் ஒரு முறை சுற்றிவளைப்பதுதான் அபத்தம்.

நம் ஊரில் இது கூடுதல் அபத்தம். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் பாறையைப் பெயர்த்துத் தொட்டியில் வைப்பதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. அதனால் பெரும்பாலோர் காய்ந்த கல்லில்தான் தொடங்குகிறோம். அந்தக் கல்லில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. ஒரு வருடம் பழுப்புப் பாசியோடும் வழுக்கும் கசடோடும் மல்லுக்கட்டுகிறோம். பிறகு எங்கிருந்தோ வாங்கிய பவளத் துண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு முள்புழு வந்து சேர்கிறது. அமெரிக்காவில் மணலைச் சுத்தம் செய்ய ஸ்பகெட்டிப் புழுவையும் முள்புழுவையும் பாக்கெட் போட்டு விற்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது. இங்கே இலவசமாக வந்ததை டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் பண்ணுகிறோம்.

பார்க்கவே உடம்பு கூசுகிறது என்பவர்களோடு வாதம் செய்ய முடியாது. கூச்சத்துக்கு ஆதாரம் தேவையில்லை. அவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பொறியில் முள்புழு விழுந்தால் காட்சித் தொட்டியிலிருந்து எடுத்து, கீழே இருக்கும் சம்ப் தொட்டியில் விட்டுவிடுங்கள். ஸ்கிம்மருக்கு முன்னால் கசடு படியும் அறையில் உடைந்த கல் நாலு போட்டு வையுங்கள். கண்ணில் படாது, பட்டினியும் கிடக்காது.